பட்டுப் பெட்டியில் போன பாட்டில்

ஆரணியில் மதிப்பான பொருள் எதுவானாலும் கடைசியில் பட்டுப் பெட்டிக்குள்தான் போய்ச் சேரும். நகை, வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் புடவை மடிப்புகளுக்கு நடுவில் படுத்திருக்கும். எழுபதுகளின் கடைசியில் நான் மேற்கு ஜெர்மனிக்குப் போனபோது என் கண்ணாடிப் பாட்டிலும் அப்படித்தான் போயிற்று.

பாட்டிலில் நானே தயாரித்த ஒரு திரவம் இருந்தது. நான் அப்போது சென்னையில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஆரணியை விட்டால் வெள்ளிக்கிழமைதான் திரும்புவேன். சின்னச் சின்ன மூலக்கூறுகளை உடைப்பதும், உடைக்க எவ்வளவு ஆற்றல் ஆகிறது என்று அளப்பதும் என் வேலை. அதற்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்று ஒரு கருவி. காற்றே இல்லாத குழாய்க்குள் மூலக்கூறின் ஆவியை விட்டு, அதன்மேல் எலக்ட்ரான்களை வீச வேண்டும். எலக்ட்ரான்களின் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் ஓர் இடத்தில் மூலக்கூறு உடைந்து முதல் துண்டு தலைகாட்டும். கருவி அந்தத் துண்டை எடை போட்டு இன்னதென்று சொல்லிவிடும். எந்த ஆற்றலில் தலைகாட்டியது என்பதுதான் எங்களுக்கு வேண்டிய எண். பாவு நூலை இரண்டு கையால் பிடித்து, எவ்வளவு இழுத்தால் அறுகிறது என்று பார்ப்பது மாதிரிதான் இதுவும்.

என் மூலக்கூறுக்கு நான் அளந்த எண், ஜெர்மனியில் பேராசிரியர் ஹார்ட்விக் என்பவர் அட்டவணையில் போட்டிருந்த எண்ணைவிடக் கால் எலக்ட்ரான் வோல்ட் குறைவாக இருந்தது. வெளியாருக்கு அது அற்பம். எங்கள் தொழிலில் அது பெரிய பள்ளம். ஹார்ட்விக் சொன்னதுதான் சரியாக இருக்கும் என்று சொல்லி ஒரு பத்திரிகை என் கட்டுரையை ஏற்காமல் நிறுத்தி வைத்தது. எனக்கு வந்த கோபத்தில் நேராக அவருக்கே எழுதிவிட்டேன். அவர் பெரிய மனிதர். இரண்டு வாரம் கருவியை ஒதுக்கித் தருகிறேன், உங்கள் பொருளைக் கொண்டுவந்து நீங்களே அளந்து பாருங்கள் என்றார். என் எண் வந்தால் அவர் அட்டவணையைத் திருத்துவார். அவர் எண் வந்தால் நான் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும்.

தோற்றுவிடுவேன் என்று எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. திமிர் என்பார்கள். திமிர்தான்.

என் கணவர் ஏகாம்பரத்துக்குப் பட்டு வியாபாரம். தறிக்காரர்களிடம் புடவை வாங்கிக் கடைகளுக்குக் கொடுப்பார். பெண்பிள்ளையைத் தனியாக அனுப்புகிறாயே என்று சந்தவாசலிலிருந்து வந்த அவர் அண்ணன் கேட்டபோது, "அவ போட்ட கணக்க அவதானே போயி நிரூபிக்கணும்? நான் போயி இன்னா பண்றது, பொடவ விக்கறதா?" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். பெட்டி கட்டும் பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டார்.

"பாட்டில நான் கைப்பையில எடுத்துகினு போறேங்க" என்றேன்.

"கைப்பையா? எவனாவது ஒருத்தன் இடிச்சான்னா போச்சு. மாசக்கணக்கா நீ ஒயச்ச சாமானு. பட்டு நடுவுல வெச்சா ஆடாது, அசையாது. நீ போயி தூங்கு, தனம்."

பழைய வேட்டியை விரித்து, அதன்மேல் புடவைகளை அடுக்கி, மாம்பழ நிறப் புடவையின் மடிப்புக்குள் பாட்டிலைப் படுக்க வைத்தார். அதற்குக் கண்ணாடி மூடி. காற்றுப் புகாமல் இருக்க மூடியைச் சுற்றி ஆய்வகக் கிரீஸை நானே தடவியிருந்தேன். பிறகு அந்துருண்டை. சரிகையில் பட்டால் சரிகை கறுத்துவிடும் என்பதால் துணியில் முடிந்து நான்கு மூலையிலும் வைத்தார். பட்டு வியாபாரி வீட்டில் இதையெல்லாம் யாரும் யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும். எங்கள் வீட்டில் அந்த வாசனை சுவரிலேயே ஊறிக் கிடந்தது. எனக்கு அது வாசனையாகவே தெரியாது.

பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். ஓர் அடி பின்னால் போனார். "பட்டு" என்றேன், பெருமையாக. சட்டென்று மூடச் சொல்லிவிட்டார். ஆரணிப் பட்டுக்கு உலகம் முழுக்க மரியாதை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கிருந்து ரயில். ரயில் பெட்டியில் என் எதிரே வயதான கணவனும் மனைவியும் இருந்தார்கள். சிறிது நேரத்தில் அந்தப் பெரியவர் எழுந்து ஜன்னலை இறக்கினார். வெளியே மழை. என்னைப் பார்த்ததும் இவர்களுக்கு மூச்சு முட்டுகிறதாக்கும் என்று எனக்குச் சுருக்கென்றது. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அவர்களை முறைத்தபடியே தூங்கிப் போனேன்.

விழித்தபோது ரயில் நின்றிருந்தது. பெட்டியில் யாரும் இல்லை. ஸ்டேஷன் பெயர் நான் கேள்வியே படாதது. நீலச் சட்டை போட்ட ரயில்வேக்காரர் ஒருவர் ஆங்கிலத்தில் நிதானமாக விளக்கினார். வழியில் ஒரு சந்திப்பில் ரயிலை இரண்டாகப் பிரித்துவிட்டார்களாம். முன்பாதி நான் போக வேண்டிய ஊருக்கு, பின்பாதி இங்கே.

"ஒலிபெருக்கியில் சொன்னோமே" என்றார்.

"ஜெர்மன் மொழியில் சொல்லியிருப்பீர்கள்."

"ஆமாம். இது ஜெர்மனி."

ஆரணி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு "செய்யார், வந்தவாசி, ஜல்தி ஏறு, ஜல்தி ஏறு" என்று தொண்டை கிழியக் கத்துவார். தூங்குகிற ஆளைத் தட்டி எழுப்பி, உன் ஊர் வந்துவிட்டது என்று இறக்கியும் விடுவார். பஸ்ஸைப் பாதியில் இரண்டாக வெட்டி ஒரு பாதியைச் செய்யாறுக்கும் மறு பாதியை வந்தவாசிக்கும் அனுப்பும் யோசனை அங்கே யாருக்கும் வந்ததில்லை. வேறு ரயில் பிடித்து அன்று சாயங்காலம் நான் போக வேண்டிய ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது பசியில் கண் இருட்டியது.

வாடகை அறை திருமதி கெர்டா என்ற அம்மாளின் வீட்டில். ராத்திரிச் சாப்பாடு என்று ஒரு மரப்பலகையில் கறுப்பு ரொட்டி, வெண்ணெய், வெள்ளரி ஊறுகாய் எல்லாவற்றையும் பச்சைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று வைத்தார். அடுப்பே மூட்டாத ஒன்றை ராத்திரிச் சாப்பாடு என்று சொல்ல அவர்களுக்கு எப்படி மனது வருகிறதோ. மறுநாள் அவரிடம் கேட்டு, நான் கொண்டுபோன பொடியில் ரசம் வைத்தேன். ஆனால் என் அறைப் பக்கம் வரும்போதெல்லாம் அவர் நடைவழி ஜன்னலைத் திறப்பதைக் கவனித்தேன். ரசம் பிடிக்கவில்லை போலிருக்கிறது. இருக்கட்டும் என்று அடுத்த நாள் பூண்டு இரண்டு மடங்காகத் தட்டிப் போட்டேன்.

ஆய்வகம் குன்றின்மேல் இருந்தது. ஹார்ட்விக் நெட்டையானவர், பேசும்போது சற்றுக் குனிவார். கருவியை ஓட்டியவள் உல்ரிகே. அவரிடம் ஆராய்ச்சி செய்த பெண், நன்றாக ஆங்கிலம் பேசுவாள். காலையில் இருவரும் டிராமில் ஒன்றாகப் போவோம். ஒருநாள் பின்சீட்டில் இரண்டு பெண்கள் என்னைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன்.

"மழையைப் பற்றி" என்றாள் உல்ரிகே, ஜன்னல் பக்கம் திரும்பி.

கருவியைப் பார்த்ததும் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. எங்கள் சென்னைக் கருவி மின்சாரம் ஆடினால் தானும் ஆடும். வெற்றிடம் உண்டாக்கும் பம்பைத் தொட்டுப் பார்த்து, சூடு அதிகமானால் ஈரத்துணி போடுவோம். இங்கே பம்புகள் ஓடும் சத்தமே இல்லை. மிதமான ஒரு முனகல், அவ்வளவுதான். எனக்குப் பொறாமையாக இருந்தது. இதே மாதிரி ஒன்று எங்களிடம் இருந்தால் ஹார்ட்விக்கின் அட்டவணையில் பாதியைத் திருத்தியிருப்பேன் என்றும் தோன்றியது.

பாட்டிலைப் பட்டிலிருந்து எடுத்து, அப்படியே கருவியின் வாயில் இணைத்தோம். கூடவே செனான் என்ற வாயுவையும் விட்டோம். இது எங்கள் தொழிலில் படிக்கல் மாதிரி. செனான் எந்த ஆற்றலில் தலைகாட்டும் என்பது உலகத்துக்கே தெரியும். கருவி அதை எங்கே காட்டுகிறது என்று பார்த்து, வித்தியாசத்தை நம் எண்ணில் சரிசெய்துகொள்வோம். செனான் அணுக்கள் எல்லாம் ஒரே எடை அல்ல. 128, 129, 132 என்று பல எடையில் கலந்திருக்கும். எதைப் பார்த்தாலும் தலைகாட்டும் இடம் ஒன்றுதான். எங்கள் கருவி 130-ஐத் தாண்டினால் தடுமாறும் என்பதால் 129-ஐப் பார்ப்பதே என் பழக்கம். இங்கேயும் அதையே பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோடுகளை வரைந்து முடித்தோம். வந்த எண் என்னுடையது அல்ல. கால் எலக்ட்ரான் வோல்ட் மேலே, ஹார்ட்விக்கின் எண்ணுக்கு ஒட்டி உட்கார்ந்திருந்தது.

அவர் குரல் உயர்த்தவில்லை, சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளவும் இல்லை. "உங்கள் வேலையில் குறையே இல்லை. கருவி சரியில்லாமல் இருந்திருக்கலாம். கட்டுரையைத் திரும்பப் பெறுவதில் அவமானம் ஒன்றுமில்லை" என்றார். அந்த அன்புதான் எனக்கு ஆகவில்லை. சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"திங்கட்கிழமை சொல்கிறேன்" என்றேன்.

"நல்லது. ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள்."

சனிக்கிழமை முழுக்க அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு படியாக யோசித்தேன். என் கணக்கில் தப்பு இல்லை. சென்னையில் இதே திரவம், இதே முறை. நான் தோற்றேன் என்று நம்ப முடியவில்லை. ஆனால் தப்பு எங்கே என்றும் தெரியவில்லை. ஊருக்குப் போய் ஏகாம்பரத்தின் முகத்தைப் பார்த்து, என் கணக்கு தப்பு என்று எப்படிச் சொல்வேன் என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழுதேன். பிறகு ரசம் வைத்துச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாம்பழ நிறப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். தோற்றவளாகத் தெரியக் கூடாது. ஹார்ட்விக்கின் மனைவி கதவைத் திறந்து, என் சால்வையை வாங்கி மாட்டிவிட்டு, கணவரிடம் சிரித்தபடி ஏதோ சொன்னார். அவர் முகம் சிவந்தது.

"என்ன சொல்கிறார்கள்?" என்றேன்.

"ஒன்றுமில்லை. சாப்பிடலாம்."

தட்டில் சாறு ஊற்றி, நடுவில் வெள்ளையாக உருண்டை உருண்டையாக உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை வைத்தார்கள். நான் கரண்டியை எடுக்கவில்லை. "சொன்னால்தான் சாப்பிடுவேன். இந்த ஊரில் எல்லாரும் என்னைப் பார்த்து ஏதோ சொல்கிறார்கள், யாரும் எனக்கு மொழிபெயர்க்கவில்லை" என்றேன். ஒரு வாரக் கோபமும் குரலில் வந்துவிட்டது.

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "தவறாக நினைக்காதீர்கள். குளிர்கால உடுப்புப் பெட்டியைத் திறந்த மாதிரி ஒரு வாசனை வருகிறது என்கிறாள். கம்பளியைப் பூச்சி அரிக்காமல் இருக்க வெள்ளையாக உருண்டை போடுவோமே, அந்த வாசனை."

அந்துருண்டை.

சுங்க அதிகாரி, ரயிலில் ஜன்னல், டிராமில் மழைப் பேச்சு, கெர்டாவின் நடைவழி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வந்து நின்றன. ரசத்தின்மேல் ஒரு குற்றமும் இல்லை. நான்தான் நடமாடும் பட்டுப் பெட்டியாக ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்திருக்க வேண்டும். அதற்கு நேரமில்லை. அந்துருண்டை என்றால் நாப்தலீன். நாப்தலீனின் எடை 128. அதில் கொஞ்சம் எப்போதும் 129 ஆகவும் வரும்.

"பேராசிரியரே, நாப்தலீன் கிரீஸில் கரையுமா?" என்று கேட்டேன்.

"நன்றாகக் கரையும். ஏன்?"

"என் பாட்டில் இந்தப் புடவைக்குள் படுத்து வந்தது."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். அவருக்கு நான் மேலே விளக்க வேண்டியிருக்கவில்லை. உருண்டையின் ஆவி மூடியின் கிரீஸில் ஊறி, அங்கிருந்து திரவத்திலும் கலந்திருக்கிறது. கருவிக்குள் அதுவும் போய், செனானுக்கு உரிய 129-இல் ஏறி உட்கார்ந்துகொண்டது. நாப்தலீன் செனானுக்கு ரொம்ப முன்னாலேயே தலைகாட்டுகிற ஜாதி. அதனால் படிக்கல்லே பொய் சொல்லி, அதை வைத்துச் சரிசெய்த என் எண்ணையும் மேலே தள்ளியிருக்கிறது. 128-இல் ஓர் அடையாளத்தை நான் பார்க்கத்தான் செய்தேன். செனானிலேயே 128 உண்டே என்று விட்டுவிட்டேன்.

"இது ஊகம்தானே" என்றார் ஹார்ட்விக்.

"132-ஐப் பார்ப்போம். நாப்தலீன் அந்தப் பக்கமே போகாது. 129-ம் 132-ம் ஒரே இடத்தில் தலைகாட்டினால் நான் இப்போதே கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன்."

அவர் மனைவி, முதலில் சாப்பிடுங்கள் என்று இரண்டு பேரையும் அதட்டினார். சாப்பிட்டேன். கொழுக்கட்டை நன்றாகத்தான் இருந்தது. இனிப்பு இல்லாத கொழுக்கட்டையைச் சாற்றில் போட்டுத் தின்பது ஒரு பழக்கம்தான்.

சாப்பாடு முடிந்ததும் உல்ரிகேயையும் அழைத்துக்கொண்டு குன்றேறினோம். கருவியை 132-க்குத் திருப்பி, ஆற்றலைத் துளித்துளியாகக் கூட்டினாள். 129 போன வாரம் தலைகாட்டிய இடத்தில் 132-இல் ஒன்றுமே இல்லை. இன்னும் கூட்டினாள். ஒன்றுமில்லை. சென்னையில் எனக்குப் பழக்கமான இடம் வந்தபோது தாளில் கோடு வரையும் கருவியின் பேனா மெதுவாக மேலே ஏறத் தொடங்கியது. ஒரே வாயு இரண்டு இடத்தில் தலைகாட்டாது. 129-இல் வேறு ஆள் இருந்தது உறுதியாகிவிட்டது.

"இப்போது சொல்கிறேன்" என்றாள் உல்ரிகே. "டிராமில் அவர்கள் மழையைப் பற்றிப் பேசவில்லை."

"தெரியும்" என்றேன். இருவரும் சிரித்தோம்.

ஹார்ட்விக் சிரிக்கவில்லை. கோடு சரி, ஆனால் அழுக்குப் பொருளை வைத்து அட்டவணையைத் திருத்த மாட்டேன் என்றார். அதுவும் நியாயம்தான். இரண்டாவது வாரம் முழுக்க அதற்கே போயிற்று. திரவத்தைத் திரும்பவும் காய்ச்சி வடித்தேன். புதுப் பாட்டில், புதுக் கிரீஸ். கருவியின் குழாய்களை உல்ரிகே சூடாக்கிச் சுத்தம் செய்தாள். நான் ஆய்வகத்துக்கென்று இரண்டு பருத்திப் புடவைகளைச் சோப்புப் போட்டுத் துவைத்து, கெர்டாவின் தோட்டத்துக் கொடியில் உலர்த்தினேன். காரணத்தைச் சொன்னதும் கெர்டா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். ரசத்தின் வாசனை தனக்கு ரொம்பப் பிடிக்கும் என்றும், கேட்கக் கூச்சமாக இருந்தது என்றும் சொன்னார். மிச்சமிருந்த பொடி முழுவதையும் அவருக்கே கொடுத்தேன்.

கடைசி நாள் எண் வந்தது. 129-ஐ வைத்துப் பார்த்தாலும் 132-ஐ வைத்துப் பார்த்தாலும் ஒரே எண். என் எண்.

ஹார்ட்விக் தன் அலமாரியிலிருந்த பழைய பாட்டிலை எடுத்து அதையும் அளக்கச் சொன்னார். அதுவும் என் எண்ணுக்கே வந்தது. அவர் சுவரில் தொங்கிய அட்டவணைக்குப் போய், சற்றுக் குனிந்து, பழைய எண்ணைப் பென்சிலால் அடித்து, பக்கத்தில் புதியதை எழுதினார். "என் எண் எங்கிருந்து வந்தது என்று தேட இந்தக் குளிர்காலம் எனக்குச் சரியாக இருக்கும்" என்றார். பிறகு கை கொடுத்தார். எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். அதை நான் மறைக்கவும் இல்லை.

திரும்பும் ரயிலில் கவனமாக எந்தப் பாதி என்று இரண்டு பேரிடம் கேட்டு ஏறினேன்.

ஆரணி பஸ் ஸ்டாண்டில் ஏகாம்பரம் நின்றுகொண்டிருந்தார். பெட்டியை வாங்கிக்கொண்டு, "இன்னா ஆச்சு?" என்றார்.

"நம்ம எண்ணுதாங்க."

"எனக்குத் தெரியுமே" என்று சொல்லிவிட்டு வழியில் பார்த்த டீக்கடைக்காரரிடம், "எங்க வூட்ல போட்ட கணக்க அங்க ஒத்துகினாங்க" என்றார். எந்தக் கணக்கு என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அந்துருண்டைக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பெட்டியின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்னாலதான் கெட இருந்துச்சா?"

"கெடலீங்க."

"கெட்டிருந்தா? நல்லதுன்னு நெனச்சிகினுதான் வெச்சேன், தனம். நம்ம வூட்ல அதுக்கு மேல பத்திரமான எடம் எனக்குத் தெரியல."

எனக்கு அதற்கு மேல் சிரிக்க வரவில்லை. இந்த ஊரில் அவருக்குத் தெரிந்த மிகப் பெரிய பாதுகாப்பை அவர் என் பாட்டிலுக்குக் கொடுத்திருக்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "பட்டுக்கு உருண்ட போடுங்க. அடுத்த தபா பாட்டில மட்டும் என் கைல குடுத்துடுங்க" என்றேன்.

சில மாதம் கழித்து ஹார்ட்விக்கின் திருத்திய அட்டவணை அச்சாகித் தபாலில் வந்தது. என் கட்டுரையையும் பத்திரிகை ஏற்றுக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் அட்டவணையை விளக்கடியில் பிடித்து, இதில் நம் எண் எது என்று கேட்டார். காட்டினேன். விரலை அதன்மேல் வைத்து, வாய்க்குள் ஒரு தடவை படித்துப் பார்த்தார்.

மறுநாள் காலையில் அவர் பட்டுப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். ஜெர்மனியிலிருந்து திரும்பி வந்த காலிப் பாட்டிலைக் கழுவித் துடைத்திருந்தார். அட்டவணையை நான்காக மடித்து, இரண்டையும் மாம்பழ நிறப் புடவையின் மடிப்புக்குள் வைத்தார். மூலைக்கு ஒன்றாகப் புது உருண்டைகளை முடிந்து போட்டார். பிறகுதான் ஞாபகம் வந்ததுபோல என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் கிட்டப் போய், பெட்டியின் மூடியைச் சாத்தினேன்.